ஒலிவ் எண்ணெயில் ஒரு சின்ன மலை

எனக்கு ஒலிவ் எண்ணெய் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நடிக்கிறாள் என்று சொல்லக்கூடாது. பச்சைப் புல் வாசம் அடிக்கும், தொண்டையில் போய்க் காறும். காறுவதுதான் நல்ல எண்ணெயின் அடையாளமாம். காறட்டும். நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பழகிய நாக்கு எனக்கு. ஆனாலும் கடையில் அந்தக் கரும்பச்சைப் போத்தல்களைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகருவேன். அந்த எண்ணெயைச் சுற்றி எனக்கு நல்லது செய்த இரண்டு மனிதர்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் மொன்றியலுக்கு வந்து மூன்றாவது மாரி, அதாவது பனிக்காலம். கணவரும் ஐந்து வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். நான் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வேறு ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தோடு ஓர் அறை எடுத்து இருந்தேன். இரண்டு வருடம் ஹோட்டல்களில் கட்டில் விரித்து முதுகு முறிந்த பிறகு, மலைச் சரிவில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் உணவு ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள், சரியாகச் செய்தால் நிரந்தரம். என் ஆட்களை இங்கே கூப்பிடுவதற்குக் குடிவரவு அலுவலகம் நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று கேட்டிருந்தது. ஆகவே அந்த ஆறு மாதமும் நான் மூச்சு விட்டதுகூட அந்தக் கடிதத்தை நினைத்துத்தான். ஐந்து மாதம் முடிந்திருந்தது.

ஆய்வுகூடத்தின் தலைவி தமிழ்நாட்டுப் பெண். இருபது வருடமாக இந்த நாட்டில் இருப்பவர், கட்டையாக வெட்டிய தலைமயிர், வேகமான நடை. நான் அவரை ‘டொக்டர்’ என்பேன். அவர் என்னை ‘நீங்க’ என்றுதான் எப்போதும் பேசுவார். கோப்பை கழுவுகிறவளுக்கு அந்த ‘நீங்க’ எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மற்றவர் வட ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு துனீசியர். முப்பது வயதிருக்கும், கலாநிதிப் பட்டத்துக்கு ஒலிவ் எண்ணெயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது பிரெஞ்சுதான். அவருடையது ஆறுபோல ஓடும், என்னுடையது தடக்குப்பட்டு நொண்டும். ஆனால் பொறுமையாகக் கதைப்பார். அவருடைய அண்ணனுக்கு ஊரில் ஒலிவ் தோட்டமும் சின்னச் செக்கு ஆலையும் இருந்தன. தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்கவைத்து இங்கே அனுப்பியதும் அந்த அண்ணன்தான். ஆராய்ச்சிக்குரிய எண்ணெயையும் அவரே ஆட்டி அனுப்பியிருந்தார். பச்சைக் காயாகப் பறித்தது, பாதி கறுத்தபோது பறித்தது, முழுக்கக் கறுத்தபின் பறித்தது, பறித்து உடனே ஆட்டியது, சாக்கில் ஒரு கிழமை கிடக்கவிட்டு ஆட்டியது என்று பன்னிரண்டு போத்தல்கள். மொன்றியலில் பெரிய குளிர் என்று கேள்விப்பட்டு ஒவ்வொரு போத்தலுக்கும் கம்பளிக் காலுறை போட்டு அனுப்பியிருந்தார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். துனீசியர் சிரிக்கவில்லை, காலுறைகளை மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

என் வேலையில் எனக்குப் பெரிய தலையிடியாக இருந்தவை மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குழாய்கள். எண்ணெயில் ஒரு துளியை எடுத்து, கரைப்பானும் சவர்க்காரம் செய்யப் போடுகிற காரமும் சேர்த்து, கண்ணாடி மூடியால் இறுக்கிக் குலுக்குவார்கள். அந்தக் காரம் மூடியின் கழுத்தில் பட்டுப் பட்டு, கண்ணாடி கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு யானை வந்து இழுத்தாலும் வராது. ஒருநாள் ஒரு மாணவியின் கையிலேயே குழாய் உடைந்து விரல் வெட்டுப்பட்டது. கழுவுகிறவள் ஒழுங்காகக் கழுவவில்லை என்று அவள் பிரெஞ்சில் முணுமுணுத்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விளங்காதென்று நினைத்தாளாக்கும். திட்டுகிற சொற்கள்தான் எந்தப் பாஷையிலும் எனக்கு முதலில் விளங்குபவை.

சரி, இதற்கு ஒரு வழி பார்க்கிறேன் என்று நினைத்தேன். வழி என் தலையிலேயே இருந்தது. தைக்கும்போது ஊசி துணியில் ஏறாமல் அடம்பிடித்தால் நாங்கள் என்ன செய்வோம்? தலைமயிரில் இரண்டு தரம் தேய்த்துவிட்டுக் குத்துவோம். தலையில் இருக்கும் எண்ணெய் பட்டதும் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை, கை தானாகச் செய்யும். என் தலையிலோ எண்ணெய்க்குக் குறைவில்லை. மாரியில் வீட்டுச் சூடாக்கி தலைத்தோலைக் காயவைத்து உரித்துவிடும். அதனால் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைச் சூடாக்கியின் மேல் வைத்து, உறைந்த எண்ணெய் உருகியதும் நன்றாக வைத்து இழுத்துப் பின்னிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

அன்றிலிருந்து கழுவி உலர்த்திய மூடி ஒவ்வொன்றையும் வகிட்டோரம் ஒரு தேய் தேய்த்துவிட்டுக் குழாயில் பொருத்தினேன். மூடிகள் வெண்ணெயாகத் திறந்தன. ஆய்வுகூடம் முழுக்க என் புகழ். டொக்டர்கூட வந்து, “இப்பல்லாம் ஒண்ணுகூட ஒட்டலையே, என்ன பண்றீங்க?” என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை டொக்டர், கைப்பழக்கம்தான்” என்றேன். அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெருமை வாயை அடைத்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்கக் கடைகளில் வாங்கிய எண்ணெய்களை எல்லாம் நான் இந்தக் கைப்பழக்கத்தைத் தொடங்குவதற்கு முன்னரே சோதித்து முடித்திருந்தார்கள். தொடங்கிய பிறகு சோதிக்கப்பட்டவை அண்ணன் அனுப்பிய பன்னிரண்டு போத்தல்கள்.

எண்ணெய்க்குள் இருக்கும் கொழுப்புகளைப் பிரித்துக் காட்டும் ஒரு பொறி அங்கே இருந்தது. அதன் பேனா நீளமான தாளில் மலை மலையாகக் கீறிக்கொண்டு போகும். ஒவ்வொரு கொழுப்புக்கும் ஒவ்வொரு இடத்தில் மலை வரும். ஒலிவ் எண்ணெய்க்கு எங்கே பெரிய மலை, எங்கே சின்ன மலை என்று இரண்டு மாதம் தாள்களைப் பார்த்து எனக்கே அத்துப்படி. அண்ணனின் எண்ணெயில் வரக்கூடாத இடத்தில் ஒரு சின்ன மலை வந்தது. திரும்பச் சோதித்தார்கள், திரும்பவும் வந்தது. கரைப்பானில் ஏதும் பிழையோ என்று அதை மட்டும் நேரே பொறிக்குள் விட்டுப் பார்த்தார்கள். அதில் மலை இல்லை. ஆகவே பிழை எண்ணெயில்தான் என்று முடிவுக்கு வந்தார்கள். அந்தக் குழாய்களை ஒவ்வொரு தரமும் கழுவி மூடி பொருத்திக் கொடுத்தது யார் என்று யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரு திங்கட்கிழமை டொக்டர் தாளை விரித்து வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தபடி நின்றார். நான் பக்கத்தில் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தமிழில் பேசினால் ஆறுதல் என்பதுபோல என்னிடம் சொன்னார்.

“பாவம் அந்தப் பையன். அவன் அண்ணன் அனுப்புனதுல கலப்படம் இருக்கு.”

“என்ன கலந்திருக்காம் டொக்டர்?”

“தேங்காய் எண்ணெய். இந்த இடத்துல மலை வந்தா அதான்.”

கையில் இருந்த குடுவையை மெல்லக் கீழே வைத்தேன். என் கை தலைக்குப் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், ஆறாவது மாதம், அந்தக் கடிதம், கொழும்பு லொட்ஜில் ஒரு பிள்ளை. பல்கலைக்கழக ஆராய்ச்சியில் தன் தலை எண்ணெயைப் பூசிவிட்டவளுக்கு யார் நிரந்தர வேலை கொடுப்பார்கள்? அன்றே அந்த மூடிகள் எல்லாவற்றையும் கொதிநீரிலும் சவர்க்காரத்திலும் போட்டுக் கைத்தோல் உரிய உரியத் தேய்த்தேன். இனித் திரும்பச் சோதித்தால் மலை வராது, தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர்கள் திரும்பச் சோதிப்பதாக இல்லை. இரண்டு தரம் பார்த்தது போதும் என்றுவிட்டார்கள்.

செவ்வாய் போனது. புதன்கிழமை மத்தியானம் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். மகள்தான் முதலில் கதைத்தாள். “அம்மா, கடிதம் குடுத்திட்டினமோ?” என்று கேட்டாள். கடிதம் என்றால் என்னவென்றே தெரியாத வயது, தகப்பன் கதைப்பதைக் கேட்டுப் பாடமாக்கியிருந்தாள். “இந்தா, இந்த மாதக் கடைசியில தருவினம்” என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது?

வியாழக்கிழமை காலை துனீசியர் வந்து வாங்குப் பலகையில் இருந்தார். மேலங்கியைக் கழற்றவுமில்லை, சப்பாத்துப் பனியைத் தட்டவுமில்லை. நிலத்தில் தண்ணீர் வடிந்தது. மற்ற நாள் என்றால் இப்போதுதானே துடைத்தேன் என்று பேசியிருப்பேன். அன்று துணியை எடுத்துக்கொண்டு கிட்டப் போனேன்.

“நேற்று அண்ணனோடு பேசினேன்” என்றார் அவர். “எண்ணெயில் என்ன கலந்தாய் என்று கேட்டேன். ‘எங்கள் ஊரில் தேங்காயைக் கண்ணால் கண்டவர்கள் யார்?’ என்றார். துறைமுகத்தில் எல்லா எண்ணெயும் பீப்பாயில் வந்து இறங்குகிறதே என்று சொல்லிவிட்டேன். நானா அப்படிச் சொன்னேன் என்று இருக்கிறது. ‘உன்னை நான் படிக்க அனுப்பியது என்னைக் கள்ளன் என்று சொல்லவா?’ என்று கேட்டு, வைத்துவிட்டார்.”

நான் துணியை நிலத்தில் போட்டுவிட்டு நேரே டொக்டரின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனோ இல்லையோ நினைவில்லை.

“டொக்டர், அந்தத் தேங்காய் எண்ணெய் என்ரை தலையில இருக்கிறது. நான்தான் மூடிகளிலை பூசினனான்.”

அவருக்கு விளங்கவில்லை. ஊசிக் கதையிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது. கத்துகிற மனிதர் இல்லை, அன்று கத்தினார்.

“ஆறு வாரம்! ஆறு வாரத்து வேலை! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எனக்குத் தெரியாதா, எங்க வீட்லயும் ஊசியைத் தலையில தேச்சவங்கதானே? கேட்டிருந்தா அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருப்பேனே!”

யாராவது ஒன்று சொன்னால் மூன்று திருப்பிச் சொல்கிற வாய் என்னுடையது. அன்று தலையைக் குனிந்துகொண்டேன். கடிதத்தைப் பற்றிக் கேட்க எனக்கு என்ன முகம் இருந்தது? நின்றுகொண்டிருந்தேன்.

கத்தி முடித்ததும் அவர் விஞ்ஞானியாகிவிட்டார். என்னைப் பொறிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், கழுவிய மூடி ஒன்றைக் கையில் தந்து, “எப்படித் தேப்பீங்களோ அப்படியே தேயுங்க” என்றார். தேய்த்தேன். ஒலிவ் எண்ணெய் ஒரு துளியும் இல்லாமல், கரைப்பானையும் காரத்தையும் மட்டும் அந்தக் குழாயில் விட்டுக் குலுக்கிப் பொறிக்குக் கொடுத்தார். துனீசியரையும் கூப்பிட்டார். மூன்று பேரும் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றோம். தாள் நகர்ந்தது. பேனா கொஞ்ச நேரம் நேராக ஓடி, அந்த இடம் வந்ததும் எழும்பி, அதே சின்ன மலையைக் கீறிவிட்டு இறங்கியது.

டொக்டர் அவருக்குப் பிரெஞ்சில் விளக்கினார். அவர் அப்படியே வாங்கில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முப்பது வயது ஆண்பிள்ளை அப்படி அழுது நான் முன்பு கண்டதில்லை. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உங்களுக்கு எப்போது தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். “திங்கட்கிழமை” என்றேன்.

அவர் விரலால் எண்ணவில்லை, ஆனால் எண்ணியது தெரிந்தது. திங்கள், செவ்வாய், புதன். நான் திங்களே சொல்லியிருந்தால் புதன்கிழமை அவர் அந்த ரெலிபோனை எடுத்திருக்க மாட்டார். எழுந்து போய்விட்டார். அடுத்த நாள் முழுக்க எனக்குக் காலை வணக்கமாக ஒரு பொன்ஜூரும் சொல்லவில்லை. அவர் நாலு வசை பேசியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அண்ணன் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. வியாழனும் இல்லை, வெள்ளியும் இல்லை. திங்கட்கிழமை டொக்டரின் அறையிலிருந்து எடுத்தபோது மற்றப் பக்கம் குரல் கேட்டது. தம்பி அரபியில் வேகமாக ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி ரிசீவரை நீட்டினார். “உங்களோடு பேச வேண்டுமாம்.”

மனதுக்குள் கட்டி வைத்திருந்த பிரெஞ்சு எல்லாம் உதிர்ந்துபோனது. “நான்தான் பிழை. என் தலைமயிர். உங்கள் எண்ணெய் சுத்தம்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் ஆறுதலாகப் பேசினார். எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

“மடாம், நீங்கள் இதைச் சொன்னபோது என் தம்பி என்ன செய்தான்?”

“அழுதார்.”

“மெர்சி, மடாம்” என்றார் அவர். “ரிசீவரை அவனிடம் கொடுங்கள்.”

கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இவ்வளவு கெடுதல் செய்தவளுக்கு அந்த மனிதர் நன்றி சொன்னார். அவருடைய முகம் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அவருக்காக மனதார வேண்டிக்கொள்கிறேன்.

மறுநாள் துனீசியர் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் என் எதிரே வந்து இருந்தார். பாண் ரொட்டியைப் பிய்த்து, அண்ணனின் எண்ணெயில் தோய்த்து என் பக்கம் தள்ளினார். பச்சைக் காயில் ஆட்டிய முதலாவது போத்தல், தொண்டையைப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வர வர முழுவதையும் தின்றேன். அவர் சிரித்தார். அதோடு எங்களுக்குள் எல்லாம் சரி.

பன்னிரண்டு போத்தலிலும் பாதிக்கு மேல் எண்ணெய் மிச்சம் இருந்ததால் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கினார்கள். டொக்டர் திருகு மூடி போட்ட குழாய்கள் வாங்கினார். நான் கேட்காமலே தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தேன். கையுறை போடாமல் ஒரு மூடியைக்கூடத் தொடவில்லை. சின்ன மலை ஒரு தாளிலும் வரவில்லை. முந்திப் பறித்து உடனே ஆட்டிய எண்ணெய் நன்றாக நின்றது. பழம் சாக்கில் கிடக்கக் கிடக்க எண்ணெயில் புளிப்பு ஏறியது. அண்ணன் ஆலையில் எப்போதும் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதானாம். துனீசியர் அதைச் சொல்லும்போது அவருடைய நெஞ்சு நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரி, என் கடிதம்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. டொக்டர் முந்தியமாதிரியே ‘நீங்க, வாங்க’ என்று பேசினார், ஆனால் வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை. மாதக் கடைசி நெருங்கியது. எனக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. கொழும்புக்கு ரெலிபோன் எடுக்கவும் பயம். பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? பக்கத்து நகரமான லவாலில் ஒரு துணித் தோய்ப்புக் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவும் பஸ்ஸும் மாறிப் போய் விசாரித்துவிட்டும் வந்தேன். நிரந்தரக் கடிதம் எல்லாம் அவர்கள் கொடுப்பதில்லை.

அடுத்த நாள் திங்கட்கிழமை. இனித் தாங்காது என்று டொக்டரின் அறைக்குப் போனேன்.

“டொக்டர், நான் செய்தது பெரிய பிழை. என்னை நிப்பாட்டிறது எண்டால் இப்பவே சொல்லுங்கோ. பிள்ளைக்கு நான் ஒரு பதில் சொல்ல வேணும்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “எதுக்கு நிறுத்தணும்?”

“அப்ப அந்தக் கடிதம்...”

“அதை அன்னிக்கே அனுப்பிட்டேனே.”

“எண்டைக்கு?”

“நீங்க வந்து சொன்ன அன்னிக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் டைப் பண்ணி, கையெழுத்துப் போட்டு, நேரா குடிவரவு அலுவலகத்துக்கே போஸ்ட் பண்ணிட்டேன்.” இழுப்பறையைத் திறந்து பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். அதே வியாழக்கிழமைத் திகதி. நிரந்தரம் என்று எழுதியிருந்தது. “கடிதம் உங்க வேலைக்கு. மூடியில எண்ணெய் பட்டதுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. அவர் டொக்டர், நான் கோப்பை கழுவுகிறவள் என்பதெல்லாம் பறந்துபோனது.

“பதினொரு நாள் டொக்டர்! பதினொரு நாளா ஒரு பிடி சோறு ஒழுங்கா இறங்கேல்லை எனக்கு. பிள்ளையோட கதைக்கவும் பயந்துபோய் இருந்தனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லோ!”

அவர் திடுக்கிட்டுப் போனார். அன்று கத்திய மனிதர் இப்போது சத்தமில்லாமல் எழுந்து நின்றார்.

“நீங்க மூணு நாள் சொல்லாம இருந்ததுக்கு நான் அந்தக் கத்து கத்தினேன்” என்றார். “நான் பதினொரு நாள் சொல்லாம இருந்திருக்கேன். இதைப் போய் நீங்க நினைச்சுட்டு இருப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க.”

அடுத்த மாரி தொடங்க முன்னரே என் கணவரும் மகளும் வந்து இறங்கினார்கள். அது பெரிய சந்தோஷம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நன்றி என்று நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் திங்கட்கிழமைதான். படித்த ஒரு பெரிய மனுஷி என்னிடம் மன்னிப்புக் கேட்டதும் என் கோபம் உடைந்து அழுகையாகிவிட்டது. ஒப்பாரி வைப்பதுபோலச் சத்தமாகவே அழுதேன். டொக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தோளில் கை வைக்கப் பார்த்தார், வைக்கவில்லை. தன் கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் போட்டார். பிறகு கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு நடைவழியில் போய் நின்றார். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முதுகு தெரிந்தது. இரண்டு மாணவர்கள் தாள்களோடு வந்தார்கள், பிறகு ஒரு பேராசிரியர் வந்தார். என் அழுகை அடங்கும்வரை டொக்டர் ஒருவரையும் உள்ளே விடவில்லை.